பேட்டரி ரூமின் கதை

திருவிடைமருதூரிலிருந்து உங்கள் டீச்சர்.

ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் போன வாரம் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "டீச்சர், இத்தனை நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். இப்போ பேட்டரி ரூம் பொறுப்பையும் என்கிட்ட கொடுத்துட்டாங்க. சுவர்ல இருபது விதி எழுதி ஒட்டியிருக்கு. செய், செய்யாதேன்னுதான் இருக்கு. ஏன்னு ஒண்ணுக்கும் காரணம் இல்லை. எட்டாம் வகுப்புல நீங்க நடத்தினது ஞாபகம் இருக்கு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றான்.

நல்ல கேள்வி. காரணம் தெரியாத விதியை மனிதன் ரொம்ப நாள் கடைப்பிடிக்க மாட்டான். அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. யாரோ ஒருவருடைய கண், கை, வயிறு அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து சாவகாசமாகப் படியுங்கள். கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கும்பகோணம் பக்கத்துக்காரர்களான நமக்கு ஈயம் என்றதும் ஈயச்சொம்பு ரசம்தான் நினைவுக்கு வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் தெரியும். அது வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்று, குணத்தில் சம்பந்தமே இல்லை. வெள்ளீயத்தில் சமைக்கலாம். காரீயம் உடம்பில் சேர்ந்தால் நஞ்சு, அதுவும் குழந்தைகளுக்குப் பெரிய நஞ்சு. சொம்பு வாங்கும்போது காரீயக் கலப்பு இல்லாததா என்று பெரியவர்கள் விசாரித்து வாங்கியது இதனால்தான்.

இனி கதைக்கு வருவோம்.

1859இல் பிரான்சு நாட்டில் காஸ்டன் பிளாந்தே என்ற இயற்பியல் அறிஞர் இரண்டு காரீயத் தகடுகளை எடுத்தார். ஒன்றோடொன்று படாமல் நடுவே தடுப்பு வைத்துப் பாய் போலச் சுருட்டினார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் இறக்கி மின்சாரம் செலுத்தினார். செலுத்திய மின்சாரத்தை அது பிடித்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன்பும் மின்கலங்கள் உண்டு. ஆனால் அவற்றில் உள்ள பொருள் தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தீர்ந்த பிறகு மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலம் பிளாந்தேயுடையது.

1881இல் கமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் காரீய ஆக்சைடைப் பசை போலப் பூசினார். அதே அளவு பெட்டியில் பல மடங்கு மின்சாரம் தங்கியது. அந்த ஆண்டே ஃபோரின் செல்கள் சிலவற்றைச் சார்ஜ் செய்து ஒரு பெட்டியில் வைத்து, பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்கு எடுத்துப் போனார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் அதைச் சோதித்துப் பார்த்து வியந்தார். பாரிசில் நிரப்பிய மின்சாரம் கடல் தாண்டி வந்து இறங்கியது என்றால் அன்றைக்கு எவ்வளவு பெரிய அதிசயம்!

இன்றைக்கு ஃபோர்க்லிஃப்டில் இருக்கும் பேட்டரி அடிப்படையில் இதே பெட்டிதான். ஒரு பக்கம் காரீயம், மறு பக்கம் காரீய டை ஆக்சைடு, நடுவில் நீர் கலந்த கந்தக அமிலம். ஒரு செல் 2 வோல்ட். 24 செல்லை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட்.

மின்சாரக் கார் இப்போது வந்த புதுமை என்று பலர் நினைக்கிறீர்கள். 1897இலேயே லண்டனிலும் நியூயார்க்கிலும் பேட்டரி டாக்சிகள் ஓடின. 1899இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய வண்டியும் காரீய பேட்டரியில் ஓடிய மின்சார வண்டிதான். பெட்ரோல் வண்டியைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்தவரை இரண்டுக்கும் போட்டி இருந்தது. 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அந்த வசதிக்குப் பிறகு பெட்ரோல் வண்டி முந்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் ஒரு காரீய பேட்டரியே.

சாலையில் தோற்ற மின்சார வண்டி கூரைக்கு அடியில் பிழைத்துக்கொண்டது. ரயில் நிலைய நடைமேடை, ஆலை, துறைமுகக் கிடங்கு போன்ற இடங்களில் புகை விடும் வண்டியை ஓட்ட முடியாது. 1906இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, பயணிகளின் மூட்டைகளை இழுக்க பேட்டரி வண்டிகளைக் கொண்டுவந்தது. பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்தபோது, பேட்டரியின் கனம் என்ற குறையே நிறையாகிவிட்டது. முன்னால் முள்ளில் பாரம் ஏறினால் வண்டி குப்புறக் கவிழாமல் இருக்கப் பின்னால் எடை வேண்டும். ஒரு டன்னுக்கு மேலும் இருக்கக்கூடிய பேட்டரி அந்த எடைக்கும் உதவியது. அதனால்தான் வேறு எடையுள்ள பேட்டரியை நம் இஷ்டத்துக்கு மாற்றிப் போடக்கூடாது.

இப்படி வண்டிகள் பெருகியபோது அவற்றைச் சார்ஜ் செய்யத் தனி அறை வேண்டியதாயிற்று. பேட்டரி ரூம் பிறந்தது இப்படித்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மீட்டர்கேஜ் காலத்தில் தஞ்சாவூர் – மாயவரம் பாதையில் இரவு வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். வண்டி வேகமெடுத்தால் பெட்டிக்குள் விளக்கு பளிச்சென்று எரியும். ஸ்டேஷனில் நின்றால் மங்கிவிடும். பெட்டிக்கு அடியில் சக்கர அச்சோடு பெல்ட்டால் இணைத்த டைனமோ இருக்கும். ஓடும்போது அது விளக்கையும் எரிய வைத்து பேட்டரியையும் நிரப்பும். நின்றதும் விளக்குக்கு பேட்டரி மட்டும்தான். 24 வோல்ட் ஏற்பாடு அது, அதாவது 12 செல்.

என் பெரியப்பா ரயில்வேயில் அந்த விளக்குப் பிரிவில் பிட்டராக இருந்தார். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை ஆரம்பத்தில் நம் நாகப்பட்டினத்தில் இருந்து, 1920களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்குப் போனது. பொன்மலையில் வேலை கற்றவர்களுக்கு ஒரு தனி மரியாதை இருந்த காலம். பெரியப்பாவிடம் மூன்று பொருள் எப்போதும் இருக்கும்: ஹைட்ரோமீட்டர், டிஸ்டில்டு வாட்டர் கேன், ஒரு நோட்டு. எந்தப் பெட்டி, எத்தனையாவது செல், ஆசிட்டின் அடர்த்தி என்ன, எவ்வளவு தண்ணீர் ஊற்றினார் என்று தேதி போட்டு எழுதுவார். வேலைச் சட்டை முழுக்கப் பொத்தல். ஆசிட் துளி பருத்தித் துணியில் பட்டால் அப்போது தெரியாது, துவைக்கும்போதுதான் ஓட்டை விழும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கப் பெரியம்மாவை அவர் விட்டதே இல்லை. கொல்லையில் கை, கால், முகம் கழுவி உடை மாற்றிய பிறகுதான் எங்களைத் தொடுவார். சுத்தம் பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அது காரீயத்தை வீட்டுக்குள் விடாத கட்டுப்பாடு என்பது எனக்குப் பின்னாளில் படித்துத்தான் புரிந்தது.

அந்தக் கட்டுப்பாடு வந்த வழி கொடுமையானது. 19ஆம் நூற்றாண்டில் காரீயத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வரும். மணிக்கட்டு துவண்டு தொங்கும். வலிப்பு வந்து இறந்தவர்களும் உண்டு. தொழிலாளி கை கழுவாமல் சாப்பிட்டதால் வந்தது என்று முதலாளிகள் சொல்லி முடித்துவிடுவார்கள். 1895இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. ஆலைத் தொழிலாளிக்குக் காரீய நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1898இல் தாமஸ் லெக் ஆலைகளின் முதல் மருத்துவ ஆய்வாளராக வந்தார். வந்த கணக்குகளை ஆராய்ந்து, வாய் வழியை விட மூச்சு வழியாகப் போகும் தூசியும் புகையும்தான் முக்கியக் காரணம் என்று வலியுறுத்தினார். கை கழுவுவது தொழிலாளியின் கையில் இருக்கிறது. காற்றைச் சுத்தமாக வைப்பது முதலாளியின் கையில் அல்லவா இருக்கிறது!

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர். ஆலை ஆலையாக, தொழிலாளர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். பேட்டரி ஆலைகளில் காரீய நஞ்சு எப்படி ஏறுகிறது என்று 1910களில் அரசுக்கு அறிக்கை எழுதினார். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் முதல் பெண் ஆசிரியராக அவரை அமர்த்தியது. நம் பெண் பிள்ளைகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இது வந்தது. மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் அதில் மூன்றாம் அட்டவணையாக இருந்தது. அதில் முதல் பெயர் காரீய நஞ்சு.

காரீயம் மெல்லக் கொல்வது. பேட்டரி ரூமில் நொடியில் கொல்லக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும், பயப்படாதீர்கள்.

பேட்டரி நிறைந்த பிறகும் சார்ஜ் ஓடினால் மின்சாரத்துக்கு வேறு வேலை இல்லை. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். செல்லில் குமிழி வருவது அதனால்தான். நிறைந்த செல்லில் 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 24 செல், 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 × 20 × 0.42 = மணிக்குச் சுமார் 200 லிட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 28,000இல் 4 சதவீதம் சுமார் 1,100 லிட்டர். அதாவது ஐந்தரை மணி நேரம். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சார்ஜ் போட்டுத் தூங்கப் போனால் ஒரு இரவே அதிகம். ஹைட்ரஜன் காற்றை விட மிக லேசானது, கூரைக்கு அடியில் முதலில் சேரும். அதனால்தான் பேட்டரி ரூமில் காற்றுப் போக்கி உச்சியில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வெடிக்க அறை முழுவதும் நிறைய வேண்டியதுகூட இல்லை. செல்லுக்குள் ஆசிட்டுக்கு மேலே இருக்கும் சின்ன இடத்தில் உள்ள வாயுவே போதும். தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒரு பையன் பத்தாவதோடு நின்று, பக்கத்து ஊரில் ஒரு பேட்டரி கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சார்ஜில் இருந்த லாரி பேட்டரியின் கிளிப்பைச் சுவிட்சை அணைக்காமலே கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். பொறி தட்டி பேட்டரியின் மூடி வெடித்தது, முகத்தில் ஆசிட். பதற்றத்தில் துணியால் துடைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடை வாசலிலேயே குழாய் இருந்தது. அதில் உடனே கால் மணி நேரம் கண்ணைக் கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இன்று அவனுக்கு இடது கண்ணில் நிழல் மட்டும்தான் தெரியும். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பெயர் போடாதீங்க டீச்சர், ஆனா கண்டிப்பா எழுதுங்க" என்றான்.

இப்போது சுவரில் உள்ள விதிகளைப் பாருங்கள். காரணம் தானாக விளங்கும்.

1. சார்ஜரை அணைத்த பிறகே பிளக்கைச் செருகு, அணைத்த பிறகே பிடுங்கு. பொறி வரக்கூடாது. பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அந்தப் பக்கமே கூடாது.

2. சார்ஜ் ஆகும்போது பேட்டரி அறையின் மேல்மூடி திறந்திருக்க வேண்டும், செல் மூடிகள் தம் இடத்தில் இருக்க வேண்டும். மின்விசிறியும் காற்றுப் போக்கியும் ஓடட்டும்.

3. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி கழற்று. பேட்டரி மேல் ஸ்பேனர் வைக்காதே. 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனையையும் இரும்பு தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் விரலோடு பழுக்கும்.

4. தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜின்போது ஆசிட் மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும்வரை முன்னால் ஊற்று.

5. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் போர் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றாதே. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

6. ஆசிட் கலக்க நேர்ந்தால் தண்ணீரில் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எட்டாம் வகுப்பில் பத்து முறை சொல்ல வைத்தேன், மறந்திருக்க மாட்டீர்கள்.

7. கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் இல்லாமல் தொடாதே. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, பிறகு டாக்டர். தரையில் சிந்தினால் ஆப்ப சோடா போட்டுக் கழுவு. அந்தச் சோடா செல்லுக்குள் போய்விடக்கூடாது.

8. 80 சதவீதத்துக்கு மேல் தீர விடாதே. தீர்ந்ததைச் சார்ஜ் போடாமல் கிடப்பில் போடாதே. தகட்டில் காரீய சல்ஃபேட் கெட்டியாகிப் படிந்தால் திரும்பக் கரையாது. எட்டு மணி வேலை, எட்டு மணி சார்ஜ், எட்டு மணி ஆறல் என்று பழைய ஆட்கள் சொல்வது சரியான கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அந்த ஆறல் ரொம்ப முக்கியம்.

9. பேட்டரியைத் தூக்க அதற்கான தூக்கியையே பயன்படுத்து. ஒரு டன் எடை காலில் விழுந்தால் கால் இருக்காது.

10. பேட்டரி ரூமில் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே. கை கழுவாமல் வெளியே வராதே.

இதில் ஒன்றுகூட அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. ஒவ்வொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டது.

படித்துத் தெரிந்துகொள்ளவும் நம் மாநிலத்திலேயே இடம் இருக்கிறது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி ஆராய்ச்சியில் இன்றும் நாட்டின் முக்கியமான இடம் அது. அறிவியல் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால் அந்த ஊர் வழியாகப் போகும்போது காட்டுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தப் பெரிய பேட்டரிகள் ஆலை, ரயில்வே, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று தனி அறையில் இருந்தன. அறைக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு முற்றியது. 2012இல் எத்தனை மணி நேரம் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, நம் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அதாவது பேட்டரி ரூமில் இருந்த பெட்டி நம் கூடத்துக்கு வந்துவிட்டது. பெட்டி வந்தது, அதைப் பார்த்துக்கொண்ட ஆளும் அவர் நோட்டும் கூட வரவில்லை.

பல வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்கு அடியில் மூடிய அலமாரியில் இருக்கிறது. சில வீடுகளில் சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நம் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் கேஸ் சிலிண்டரோடு ஒரே இடத்தில் இருந்ததைப் பார்த்து நானே நகர்த்தச் சொல்லிவிட்டு வந்தேன். மேலே போட்ட கணக்கு இங்கும் பொருந்தும். வீட்டு பேட்டரியில் செல் 6 தான், வாயு குறைவு. ஆனால் அலமாரியும் சின்னது. காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருந்தாலும் அதிலும் வாயு வெளியேற வால்வு உண்டு, அதிகச் சார்ஜ் ஆனால் திறக்கும்.

பழைய பேட்டரி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். செனகல் நாட்டின் தலைநகர் டாக்கர் அருகே தியாரோய் என்ற இடத்தில் மக்கள் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்தார்கள். அந்த மண்ணில் கலந்த காரீயத் தூசியால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. அவர்கள் யாரும் பேட்டரி ஆலையில் வேலை செய்யவில்லை, தெருவில் விளையாடிய பிள்ளைகள். நம் நாட்டில் 2001இலேயே பழைய பேட்டரியைத் திருப்பி எடுக்க விதி வந்தது. 2022இல் புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்து, தயாரிப்பாளரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போடாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்து மாணவனுக்கு: தம்பி, உனக்கு அவர்கள் கொடுத்திருப்பது சின்ன வேலை அல்ல. ஒரு நோட்டு வாங்கு. பேட்டரி எண், தேதி, ஒவ்வொரு செல்லின் அடர்த்தி, ஊற்றிய தண்ணீர் எல்லாம் எழுது. நிறைந்த பேட்டரியில் 1.28 அளவில் இருக்க வேண்டியது ஒரே ஒரு செல்லில் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் நோட்டு உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் திறந்து பார். கையுறை, கண்ணாடி தராவிட்டால் எழுத்து மூலமாகக் கேள். அது உன் உரிமை, சட்டத்தில் இருக்கிறது. காற்றுப் போக்கி ஓடாத நாளில் சார்ஜ் போட மாட்டேன் என்று தைரியமாகச் சொல். வீட்டுக்குப் போனதும் உடை மாற்றிக் குளித்துவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்கு.

மற்றவர்கள் இன்று சாயங்காலம் ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று பாருங்கள். மட்டம் காட்டும் மிதவை கீழே இறங்கியிருந்தால் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கிடங்கிலோ பேட்டரி கடையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்தால் இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்